ஓடும் கூட்டத்தில் நிற்க வேண்டிய இடங்கள்: ஹஜ்ஜில் கைநழுவும் சுன்னத்துகள்

மினாவில் துல்ஹஜ் பிறை 11. உச்சி சாய்ந்ததும் கூடாரங்களிலிருந்து கிளம்பும் கூட்டம் ஜம்ராத் பாலத்தின் தளங்களில் ஒரே திசையில் நகர்கிறது. முதல் ஜம்ராவை நெருங்கியதும் ஒவ்வொருவர் கையும் இடுப்புப் பையைத் துழாவுகிறது. தக்பீர் சொல்லி ஒவ்வொன்றாக ஏழு கற்கள். ஏழாவது கல் சுவரில் பட்டதும் அடுத்த ஜம்ராவுக்கு விரைகிறார்கள். சுவரைத் தாண்டிச் சற்று முன்னே போனால் நெரிசல் குறைந்த இடம் கிடைக்கும். அங்கே கஃபாவின் திசை பார்த்து, கையேந்தி நிற்பவர்கள் ஒரு சிலரே. மற்றவர்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

நபிகள் நாயகம் (ஸல்) செய்த ஹஜ்ஜில் அந்த நிற்றல் உண்டு. முதல் ஜம்ராவில் கல்லெறிந்த பின் முன்னால் நகர்ந்து, கிப்லாவை நோக்கி நெடுநேரம் நின்று துஆ செய்வது. நடு ஜம்ராவிலும் அப்படியே. கடைசியான அகபா ஜம்ராவில் மட்டும் நிற்காமல் திரும்பிவிடுவது. அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) இப்படிச் செய்துவிட்டு, நபியவர்கள் இவ்வாறு செய்ததைத் தாம் பார்த்ததாகச் சொன்ன செய்தி ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. குர்ஆனின் மிக நீண்ட அத்தியாயமான அல்பகராவை ஓதி முடிக்கும் நேரம் அளவுக்கு அவர் அங்கே நிற்பார் என்றும் ஓர் அறிவிப்பு உண்டு.

இது விடுபட்டுப்போவதற்குக் கூட்டம் ஒரு காரணம். இன்னொரு காரணம், ஹஜ் கற்றுத்தரப்படும் முறை. ஹஜ் பயிற்சி வகுப்புகளில் முதலிடம் பெறுபவை பர்ளும் வாஜிபும். பர்ளு விடுபட்டால் ஹஜ்ஜே கூடாது. வாஜிப் விடுபட்டால் ‘தம்’, அதாவது ஓர் ஆட்டைப் பலியிட வேண்டும். சுன்னத் விடுபட்டால் பரிகாரம் எதுவும் இல்லை. நன்மை குறையும், அவ்வளவுதான். ஆகவே எதற்குத் தம் உண்டோ அது மனப்பாடமாகிறது. எதற்கு இல்லையோ அது கையேட்டின் கடைசிப் பக்கத்தில் தங்கிவிடுகிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஹஜருல் அஸ்வத் கல்லை முத்தமிடுவதும் வெறும் சுன்னத்தே. அதற்காக முண்டியடிப்பவர்கள் ஆயிரம் பேர். கூட்டம் இருந்தால் தூரத்திலிருந்தே கையால் சைகை செய்து தக்பீர் சொன்னால் போதும். நபியவர்களே ஒட்டகத்தின் மீதிருந்து தவாஃப் செய்தபோது கையிலிருந்த கம்பால் அந்த மூலையைச் சுட்டியிருக்கிறார்கள். பலசாலியான உமரிடம் (ரலி), கல்லருகே நெருக்கியடித்துப் பலவீனர்களைத் துன்புறுத்த வேண்டாம் என்று அவர்கள் சொன்னதாகவும் அறிவிப்பு வருகிறது. ஒரு சுன்னத்துக்காக அடுத்தவரை இடிப்பவர், அடுத்தவருக்குத் தொல்லை தராமல் நிறைவேற்றக்கூடிய பல சுன்னத்துகளை அதே நாளில் தவறவிடுகிறார்.

நபியவர்களின் ஹஜ் எப்படி நடந்தது என்பதற்கு நமக்குக் கிடைக்கும் விரிவான சித்திரம் ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) சொன்னது. ஹிஜ்ரி 10, அதாவது 632ஆம் ஆண்டில் நடந்த அந்தப் பயணத்தில் அவரும் உடன் சென்றவர். பல ஆண்டுகள் கழித்து, முதுமையில் பார்வையிழந்திருந்த ஜாபிரைத் தேடி நபியவர்களின் பேரர் ஹுசைனின் பேரனான முஹம்மத் வந்தார். வந்திருப்பவர் யார் என்று தெரிந்ததும், ஜாபிர் அந்த இளைஞரின் சட்டைப் பொத்தான்களை அவிழ்த்து, நெஞ்சில் உள்ளங்கையை வைத்து வரவேற்றார். பிறகு புறப்பட்டது முதல் திரும்பியது வரை ஒவ்வொரு கட்டத்தையும் சொன்னார். ஸஹீஹ் முஸ்லிமில் அது ஒரே நீண்ட ஹதீஸாக இருக்கிறது. எங்கே நின்றார்கள், எங்கே வேகம் கூட்டினார்கள், எங்கே உறங்கினார்கள் என்பதெல்லாம் அதில் உண்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய ஹஜ்ஜைப் பார்த்தால், விடுபடுபவற்றில் பெரும்பாலானவை நிற்பதும் தங்குவதும்தான் என்பது புலப்படும்.

தொடக்கம் இஹ்ராம். எல்லைக்கு வருமுன் குளிப்பதும், இஹ்ராமுக்கு முன் ஆண்கள் உடலில் நறுமணம் பூசிக்கொள்வதும் சுன்னத். மாதவிடாயில் இருக்கும் பெண்களுக்கும் அந்தக் குளியல் உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. மதீனாவுக்கு வெளியே துல்ஹுலைஃபாவில் குழந்தை பெற்ற அஸ்மா பின்த் உமைஸுக்கு (ரலி), குளித்துவிட்டு இஹ்ராம் கட்டும்படி நபியவர்கள் சொல்லியனுப்பினார்கள்.

நோயாளிகளுக்கு உதவும் இன்னொரு வழியும் இருக்கிறது. ‘தடை ஏற்பட்டால் அந்த இடத்திலேயே இஹ்ராமிலிருந்து விடுபடுவேன்’ என்று நிய்யத்தோடு நிபந்தனை சேர்ப்பது. உடல்நலமில்லாத ளுபாஆ பின்த் ஸுபைருக்கு (ரலி) நபியவர்கள் சொல்லிக்கொடுத்தது இது. ஷாஃபிஈ, ஹம்பலீ மத்ஹபுகள் இதை ஏற்கின்றன. ஹனஃபியில் இதற்கு அந்தப் பயன் கிடையாது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் ஷாஃபிஈயும் உள்மாவட்டங்களில் ஹனஃபியும் பெருவாரியாக இருக்கும் தமிழகத்தில், ஒரே குழுவில் போகும் இருவருக்குச் சட்டம் சற்று மாறலாம். உள்ளூர் ஆலிமிடம் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

இஹ்ராம் கட்டியதும் தல்பியா. ஆண்கள் குரலுயர்த்திச் சொல்ல வேண்டியது. பெண்கள் தமக்குக் கேட்கும் அளவில். பேருந்து கிளம்பும்போது கூட்டாக எழும் குரல் சற்று நேரத்தில் கைபேசிப் பேச்சில் கரைந்துவிடுகிறது. உம்ராவில் தவாஃப் தொடங்கும் வரை, ஹஜ்ஜில் பிறை 10 அன்று அகபாவில் கல்லெறியும் வரை அது தொடர வேண்டியது.

வலது தோளைத் திறந்துவிட்டு மேல்துண்டைப் போர்த்தும் இள்திபாவில் தவறு நேர்மாறாக நடக்கிறது. விமான நிலையத்திலேயே தோளைத் திறந்துகொண்டு, தொழுகையிலும் அப்படியே நிற்பவர்கள் உண்டு. ஸயீ தொடரவிருக்கும் தவாஃபுக்கு உரியது அது. தொழும்போது தோளை மூடிக்கொள்ள வேண்டும். அதே தவாஃபின் முதல் மூன்று சுற்றுகளில் ஆண்கள் விறுவிறுவென நடக்கும் ரமலுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஹிஜ்ரி 7இல் (629) முஸ்லிம்கள் உம்ராவுக்கு வந்தபோது, மதீனாவின் காய்ச்சல் அவர்களை நலித்துவிட்டது என்று மக்காவாசிகள் பேசிக்கொண்டு எதிரே மலையிலிருந்து பார்த்தார்கள். வலிமையைக் காட்டும்படி நபியவர்கள் தோழர்களை வேகமாக நடக்கச் சொன்னார்கள். பின்னாளில் உமர் (ரலி), அந்தக் காரணம் போய்விட்டதே, இனி ரமல் எதற்கு என்று யோசித்துவிட்டு, நபியவர்கள் செய்ததை விடமாட்டேன் என்று தொடர்ந்தார். இன்றைய நெரிசலில் அதற்கு இடம் கிடைப்பது அரிது, கிடைக்காவிட்டால் குற்றமில்லை.

ஸஃபா, மர்வா குன்றுகளில் விடுபடுவது பெரிது. தொங்கோட்டம் என்று நாம் சொல்லும் ஸயீயில், ஏறியதும் திரும்பி நடப்பதே பலருக்கு வழக்கம். ஜாபிரின் விவரிப்பில் நபியவர்கள் கஃபா தெரியுமளவு ஸஃபாவில் ஏறி, அதை முன்னோக்கி, இறைவனைப் பெருமைப்படுத்தும் திக்ரைச் சொல்லி, இடையிடையே துஆ செய்தார்கள். இப்படி மூன்று முறை. மர்வாவிலும் அதேபோல். ஏழு நடைகளில் ஒவ்வொரு முனையிலும் இப்படி நின்றால் ஸயீக்கு இன்னும் அரைமணி கூடலாம். பச்சை விளக்குகளுக்கு நடுவே ஆண்கள் ஓடுவது மட்டும் யாருக்கும் மறப்பதில்லை. அது கண்ணுக்குத் தெரிகிற அடையாளமாயிற்றே.

பிறை 8 அன்று மினாவுக்குப் போய், லுஹர் முதல் மறுநாள் ஃபஜ்ர் வரை ஐந்து தொழுகைகளை அங்கே தொழுது இரவு தங்குவது சுன்னத். அன்று மினாவில் செய்வதற்கு வேறு கடமை ஏதும் கிடையாது. போக்குவரத்தை எளிதாக்க, சில நாடுகளின் குழுக்கள் மினாவைத் தவிர்த்து நேரே அரஃபா போய்விடுகின்றன. ஹஜ் செல்லுபடியாகும், ஓர் இரவின் அமைதி போய்விடுகிறது.

பிறை 9, அரஃபா. வீட்டில் இருக்கும் முஸ்லிம்கள் அன்று நோன்பு நோற்பது சிறப்பு. ஹாஜிக்கோ நோற்காதிருப்பதே சுன்னத். நபியவர்கள் நோன்பா இல்லையா என்று அங்கே மக்களுக்குச் சந்தேகம் வந்தது. உம்முல் ஃபள்ல் (ரலி) ஒரு கிண்ணம் பால் கொடுத்தனுப்பினார். ஒட்டகத்தில் அமர்ந்தபடியே எல்லோரும் பார்க்க அதை அருந்தினார்கள். வெயிலில் நெடுநேரம் துஆ செய்யத் தெம்பு வேண்டும்.

அந்த நாளின் உயிர் பிற்பகல்தான். லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுத பின் சூரியன் மறையும் வரை நபியவர்கள் கிப்லாவை நோக்கி நின்றார்கள். துஆவுக்காகக் கையேந்தியிருந்தபோது ஒட்டகத்தின் கடிவாளம் நழுவ, ஒரு கையால் அதை எடுத்துக்கொண்டு மற்றொரு கையை உயர்த்தியபடியே இருந்தார்கள் என்று உஸாமா (ரலி) சொல்கிறார். இன்று மதிய உணவு முடிந்ததும் குளிரூட்டிய கூடாரத்தில் தூக்கம். அஸருக்குப் பின் பேருந்துக்கு இடம்பிடிக்கும் பரபரப்பு. இன்னொரு பக்கம், ஜபலுர் ரஹ்மா குன்றின் உச்சிக்கு வெயிலில் ஏறுபவர்கள். நபியவர்கள் அதன் மீது ஏறவில்லை. அடிவாரப் பாறைகளருகே நின்று, அரஃபா முழுவதும் நிற்குமிடமே என்றார்கள். 2024 ஹஜ்ஜில் கடும் வெப்பத்தோடு சேர்ந்து 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்ததை நினைத்தால், கூடார நிழலில் செய்யும் துஆவுக்கு எந்தக் குறையும் இல்லை என்பதை ஹாஜிகளுக்கு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நமிரா பள்ளிவாசலின் அரஃபா உரையையும் கேட்கலாம். அதன் நேரடி மொழிபெயர்ப்பில் 2022 முதல் தமிழும் உண்டு.

இரவு முஸ்தலிஃபா. பேருந்திலிருந்து இறங்கியதும் டார்ச் வெளிச்சத்தில் கல் பொறுக்கும் படலம் ஆரம்பமாகிவிடும். நபியவர்களோ மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழுதுவிட்டு உறங்கினார்கள். கற்கள் மறுநாள் காலையில் வந்தன: இப்னு அப்பாஸ் (ரலி) பொறுக்கிக் கொடுத்தவை, விரலால் சுண்டியெறியும் அளவில் ஏழே ஏழு. பெரிய கற்களைத் தேடுவோருக்கு, மார்க்கத்தில் அளவு கடக்காதீர்கள் என்ற எச்சரிக்கையும் அப்போது வந்தது. மற்ற நாட்களுக்கான கற்களை மினாவிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

ஃபஜ்ரை நேரத்தோடு தொழுதுவிட்டு, வெளுக்கும் வரை கிப்லாவை நோக்கி நின்று துஆ செய்து, சூரியன் உதிக்கும் முன் கிளம்புவது முஸ்தலிஃபாவின் முக்கியமான சுன்னத். நள்ளிரவிலேயே கிளம்பும் சலுகை பெண்களுக்கும் முதியவர்களுக்கும் தரப்பட்டது. இப்போது முழுக் குழுவும் அந்தச் சலுகையில் ஏறிப் போய்விடுகிறது. ஹனஃபிகளுக்குக் காரணமின்றி அப்படிப் போவது சுன்னத்தை விடுவதோடு முடியாது. வைகறைக்குப் பின் சற்றேனும் அங்கிருப்பது அவர்களிடம் வாஜிப்.

பெருநாளன்று தலைமுடி. மழித்தவர்களுக்காக நபியவர்கள் மும்முறை பிரார்த்தித்து, குறைத்தவர்களுக்கு ஒருமுறை பிரார்த்தித்தார்கள். ஆண்கள் இரண்டில் எதைச் செய்தாலும் கூடும். பெண்களுக்கு நுனியில் விரற்கடை அளவு போதும்.

அதன் பிறகு வரும் மினா நாட்கள்தான் அதிகம் வீணாகின்றன. உமர் (ரலி) தம் கூடாரத்தில் தக்பீர் சொல்ல, பள்ளிவாசலில் இருந்தவர்கள் கேட்டுச் சொல்ல, கடைவீதிக்காரர்களும் சேர்ந்துகொள்ள, மினாவே அதிரும் என்று புகாரி பதிவு செய்கிறார். இப்போது அந்த நேரத்தைச் சாப்பாட்டு வரிசையும் மக்கா கடைகளில் வாங்க வேண்டியவற்றின் பட்டியலும் எடுத்துக்கொள்கின்றன.

பிறை 12 அன்று கல்லெறிந்துவிட்டு மினாவை விட்டுக் கிளம்பக் குர்ஆன் அனுமதிக்கிறது. நபியவர்கள் பிறை 13 வரை தங்கினார்கள். 12ஆம் பிறையின் பிற்பகல்தான் எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியேறும் பொழுது. 2006 ஜனவரி 12 அன்று, அந்த ஆண்டின் பிறை 12இல், ஜம்ராத் நுழைவாயிலில் நடந்த நெரிசலில் 346 பேர் இறந்தார்கள். அதன் பிறகே பழைய பாலம் இடிக்கப்பட்டு இன்றைய பல அடுக்குப் பாலம் எழுந்தது. 13 வரை தங்குபவருக்கு மேலும் 21 கற்கள் சேர்ந்து மொத்தம் 70. அன்று ஜம்ராக்களில் கூட்டம் வெகுவாகக் குறைந்திருக்கும். முதல் இரண்டிலும் அவசரமின்றி நின்று துஆ செய்ய முடியும். ஆனால் விமான டிக்கெட்டும் மினாக் கூடாரமும் பேருந்தும் அதற்கு ஒத்துவர வேண்டும். பணம் கட்டும்போதே பயண ஏற்பாட்டாளரிடம் கேட்டு வைக்க வேண்டிய கேள்விகள் இரண்டு: பிறை 8 இரவு மினாவில் தங்க வைப்பீர்களா? விரும்புகிறவர்கள் 13 வரை இருக்க வழி உண்டா?