மலர் வழிபாடும் மனைத் தோட்டமும்

ஆண்டினை ஆறு பருவங்களாக வகுத்த நம் முன்னோர், சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்றனர். திருக்கோயில்களில் வசந்த விழா நிகழ்வதும், கொன்றை பொன்னிறச் சரங்களைத் தொங்கவிடுவதும் இக்காலத்திலேதான். இறைவன் திருமேனியில் விளங்கும் மாலையைக் கண்டு மகிழும் நாம், அம்மலர்ச் செடிக்கு நீர் வார்த்தவர் யாவர் என எண்ணிப் பார்ப்பதில்லை. நந்தவனங்கள் பல பாழ்பட்டமைக்கு நம்முடைய இம்மறதியும் ஒரு காரணமாகும்.

திருப்புகலூரில் வாழ்ந்த முருக நாயனார், நாள்தோறும் வைகறையில் எழுந்து நீராடி, கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்னும் நால்வகை மலர்களையும் கொய்து, தம் கையாலேயே மாலை தொடுத்து, வர்த்தமானீச்சரத்துப் பெருமானுக்குச் சாத்தி வந்தார் என்பது பெரிய புராணம் தரும் செய்தி. இந்நால்வகையும் நம் மனையில் வளர்தல் கூடுமோ எனின், கூடும் என்க.

கோட்டுப்பூ மரக்கிளையில் மலர்வது. கொன்றையின் விதை ஓடு கடினமானது. அதன் ஒரு விளிம்பைக் கல்லில் தேய்த்து, ஓரிரவு நீரில் ஊறவைத்து விதைத்தால் எளிதில் முளைக்கும். அலரியைக் குச்சி நட்டே வளர்க்கலாம். ஆயின் அதன் இலையும் பட்டையும் விதையும் நஞ்சாதலின், குழந்தைகளும் கறவைகளும் அணுகாத இடத்தில் வைத்தல் வேண்டும்.

கொடிப்பூவுக்கு முல்லை போதும். ஓரடி ஆழக் குழியை இப்போதே தோண்டி வெயிலில் காயவிட்டு, மக்கிய சாணவுரம் இட்டு வைத்தால், ஆடிக்குப்பின் வரும் மழையில் பதியனை நடலாம். நீர்ப்பூவாகிய தாமரைக்குக் குளமே வேண்டும் என்பதில்லை. அகன்ற தொட்டியில் களிமண் பரப்பிக் கிழங்கை ஊன்றி, நல்ல வெயிலில் வைத்துச் சிறு மீன்களை விட்டால் கொசுவும் பெருகாது. நிலப்பூவாகிய தும்பைக்கோ உழைப்பே வேண்டா. மழையில் தானே முளைப்பதைக் களையென்று பிடுங்காதிருத்தலே நாம் செய்யும் பணி.

இனி வில்வத்தைப் பற்றி ஒன்று கூறுவோம். பல ஆண்டுகளுக்கு முன், பூசை அலமாரியில் நெடுநாள் கிடந்த வில்வ விதைகளை மண்ணில் இட்டு, ஒரு மண்டலம் நீர் வார்த்தோம். ஒன்றும் முளைக்கவில்லை. நம் வழிபாட்டில் யாது குறையோ என வருந்தினோம். நந்தவனப் பணி செய்த முதியவர் ஒருவர் கேட்டுச் சிரித்தார். "வழிபாட்டில் குறையில்லை ஐயா, விதையில் உயிரில்லை. இளவேனிலில் கனிந்து விழும் பழத்தை உடைத்து, பிசின் போகக் கழுவி, உடனே விதையுங்கள்" என்றார். அவ்வாறே செய்தோம், மூன்று வாரத்திற்குள் தளிர் கண்டது. ஆகமமும் திருமுறையும் ஓதிய யாம், காலம் அறிந்து விதைத்தலை அவரிடமே கற்றோம்.

கத்தரி வெயிலில் இளங்கன்றுகளுக்குக் காலையும் மாலையும் அளவாக நீர் வார்த்து, அடியில் சருகு பரப்பி ஈரம் காத்தல் வேண்டும். நண்பகலில் ஓலை நிழலும் தேவை. ஒரு நாள் மறந்தாலும் கன்று வாடிவிடும். ஆதலின் பூசை மணி ஒலிக்கும்போதன்று, வேரில் முதல் குடம் நீர் வீழும்போதே மலர் வழிபாடு தொடங்கிவிடுகிறது.

அறுபதைக் கடந்த யாம் இவ்வாண்டும் ஒரு வில்வக் கன்று நட்டுள்ளோம். வில்வம் மெல்ல வளரும் மரம். அது ஓங்கித் தழைக்கும் நாளில் அதன் இலையைக் கொய்து அருச்சிப்பவர் வேறொருவராக இருக்கலாம். அவர் நம்மை அறிய வேண்டுவதில்லை. பெருமான் திருவடியில் இலை சேர்ந்தால் போதும். விழா முடிந்து இல்லம் திரும்பும் அன்பர்களும் ஆளுக்கொரு கன்றேனும் நட்டு, நாள் தவறாது நீர் வார்த்துவரத் திருவருள் துணை நிற்பதாக.