'இனிப்பு நீர் இருக்கலாம்' என்று சொல்லிவிட்டால், அடுத்து என்ன?



கோயில் திருவிழாவில் மருத்துவ முகாம் போட்டிருப்பார்கள். வரிசையில் நின்று விரலை நீட்டுவோம். தாதி கருவியைப் பார்த்துவிட்டு, "ஒன்பது இருக்கும்மா, கிளினிக்ல போய் ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பாருங்க" என்று சொல்லி ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பார். அந்தச் சீட்டு வீட்டுக்கு வந்து, சாமி படத்துக்குப் பின்னால் போய்விடும். "ஒடம்பு நல்லாத்தானே இருக்கு!" என்று இரண்டு வருடம், மூன்று வருடம் ஓடிவிடும். பிறகு காலில் ஆறாத புண், அல்லது கண்ணில் மங்கல் என்று ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுதான் மறுபடி அந்தப் பேச்சு வரும். இந்தக் கட்டுரை அந்தச் சீட்டைப் பற்றியது. 'இருக்கலாம்' என்பதற்கும் 'இருக்கிறது' என்பதற்கும் இடையில் உள்ள காலத்தை என்ன செய்வது என்பதைப் பற்றியது.

முதலில் நம் மாநிலத்தின் நிலை. சுகாதார அமைச்சின் 2019 தேசிய சுகாதார ஆய்வில், 18 வயதுக்கு மேற்பட்ட மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. மாநில வாரியாகப் பார்த்தால் முதலிடத்தில் நின்றது நெகிரி செம்பிலான், 33.2 விழுக்காடு. இன வாரியாகப் பார்த்தால் இந்தியர்கள் முதலிடம், 31.4 விழுக்காடு. 2023 ஆய்வில் நாட்டின் அளவு 15.6 விழுக்காடாகக் குறைந்திருந்தது என்றாலும், நோய் தெரியாமலே வாழ்கிறவர்களின் பங்கு இன்னமும் பெரிதுதான். தோட்டங்களை மட்டும் தனியாகப் பிரித்து எண்ணிய கணக்கு இல்லை இது. ஆனால் லாபு, ரந்தாவ், சிலியாவ், லிங்கி, பகாவ் பக்கம் படிப்பிக்கும் ஆசிரியருக்கு ஆய்வு தேவையில்லை. பெற்றோர் சந்திப்பில் எத்தனை பேர் மருந்துப் பையோடு வருகிறார்கள் என்று பார்த்தாலே போதும்.

ஏன் நமக்கு இவ்வளவு?

பரம்பரை ஒரு காரணம். தெற்காசியர்களின் உடலில் ஒரு தனித்தன்மையும் உண்டு. பார்க்க ஒல்லியாக இருப்போம், ஆனால் கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேர்ந்திருக்கும். அதனால்தான் ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீடு 23-ஐத் தாண்டினாலே கவனிக்கச் சொல்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என்பது எச்சரிக்கைக் கோடு. "நான் குண்டு இல்லையே" என்பது நமக்குப் பாதுகாப்பு ஆகாது.

இன்னொரு காரணம் தோட்டத்தின் கதையிலேயே இருக்கிறது. விடியுமுன் பிரட்டுக்குப் போய், நூற்றுக்கணக்கான மரங்களுக்குப் பால் வெட்டி, மங்கு மங்காகச் சேர்த்து, காண்டா போட்டு வாளிகளைத் தூக்கிவந்த உடம்புக்கு ஒரு தட்டு நிறையச் சோறும் சீனி போட்ட காப்பியும் தேவைப்பட்டன. வேலை செய்யும் தசை ரத்தத்திலுள்ள குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். அதற்கு இன்சுலினின் உதவிகூட அவ்வளவாக வேண்டாம். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்தை விட்டுத் தாமானுக்கு வந்தோம். பிள்ளைகள் நீலாய், செனாவாங் தொழிற்சாலைகளுக்குப் பேருந்தில் போய் ஷிப்ட் வேலை பார்த்தார்கள். வேலை மாறியது, சோற்றின் அளவு மாறவில்லை. அதன்மேல் தே தாரிக், மைலோ, பாக்கெட் பானங்கள் வேறு சேர்ந்துகொண்டன. தாத்தா அவ்வளவு சோறு சாப்பிட்டும் நன்றாகத்தானே இருந்தார் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். தாத்தா சோற்றை மட்டும் சாப்பிடவில்லை, அதை எரிக்கவும் செய்தார்.

எண்களைப் படிப்பது எப்படி?

விரலைக் குத்திப் பார்ப்பது ஒரு சல்லடை மட்டுமே. அதை வைத்து நோய் என்று முடிவு கட்டக் கூடாது, இல்லை என்று தூக்கிப் போடவும் கூடாது. கிளினிக்கில் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். குறைந்தது எட்டு மணி நேரம் சாப்பிடாமல் போக வேண்டும். பச்சைத் தண்ணீர் குடிக்கலாம், "சும்மா ஒரு காப்பி" கூடாது.

வெறும் வயிற்றில் 7.0 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு அளவு. சாப்பிட்ட நேரம் பாராமல் எடுத்த ரத்தத்தில் 11.1 அல்லது அதற்கு மேல் இருந்தாலும் அப்படியே. அளவு கடந்த தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாமல் எடை குறைதல் போன்ற அறிகுறிகள் உள்ளவருக்கு ஒரு பரிசோதனையே போதும். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு இரண்டாவது முறையும் உறுதி செய்ய வேண்டும். எனவே "இன்னொரு தடவை வாங்க" என்று டாக்டர் சொன்னால் அவர் இழுத்தடிக்கவில்லை, முறைப்படிதான் செய்கிறார்.

எச்.பி.ஏ.1சி என்ற பரிசோதனைக்குச் சாப்பிடாமல் போக வேண்டியதில்லை. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும். அந்தக் காலத்தில் அதன்மேல் எவ்வளவு குளுக்கோஸ் ஒட்டியிருக்கிறது என்பதை இது காட்டும். பரிசோதனைக்கு முதல் நாள் மட்டும் சீனியைக் குறைத்து இதை ஏமாற்ற முடியாது! மலேசிய மருத்துவ வழிகாட்டியில் 6.3 விழுக்காடும் அதற்கு மேலும் நீரிழிவு, 5.7 முதல் 6.2 வரை முன்நிலை. பல நாடுகளில் 6.5 என்பார்கள், நம் நாட்டில் கோடு சற்றுக் கீழே இருக்கிறது. தலசீமியா உள்ளவர்களுக்கும் கடும் ரத்தசோகை உள்ளவர்களுக்கும் இந்த எண் தவறாக வரலாம். டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்த்துக் குழம்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே 126 என்பதும் இங்கே 7.0 என்பதும் ஒன்றே. நம் எண்ணை 18-ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வந்துவிடும். 11.1-ஐப் பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 200 வரும். "எனக்கு ஒன்பதுதான், அங்க ஒருத்தருக்கு நூத்தி அறுபதாம்" என்று மகிழ்ந்துகொள்ள ஒன்றுமில்லை. இரண்டும் ஒரே அளவுதான்.

முன்நிலை என்பது நல்ல செய்தி

நான் இப்படிச் சொல்வது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் ஆதாரம் இருக்கிறது. சென்னையில் டாக்டர் அம்பாடி இராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-இல் வெளிவந்த ஆய்வில், முன்நிலையில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். பொதுவான அறிவுரை மட்டும் பெற்ற குழுவில் 100-க்கு 55 பேர் நீரிழிவுக்குப் போனார்கள். நடையையும் உணவையும் மாற்றிக்கொண்ட குழுவில் அது 39 பேர். ஆய்வில் இருந்தவர்கள் நம்மைப் போலவே சோறு, இட்லி சாப்பிடுகிறவர்கள். அவர்களிடம் கேட்டது ஜிம் இல்லை, தினமும் அரை மணி வேக நடை. 39 என்பது சின்ன எண் இல்லைதான், எல்லாரும் தப்பிக்கவில்லை. இருந்தாலும் நூற்றில் 16 பேர் மூன்று ஆண்டுக்கு நோயில்லாமல் இருந்தார்கள். சீட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் வைப்பவர் இழப்பது அந்த வாய்ப்பைத்தான்.

பரிசோதனைக்குச் செலவு ஒரு தடையே இல்லை. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளி. 40 வயதுக்கு மேற்பட்ட, குறைந்த வருமானப் பிரிவினருக்கு 2019-இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. உண்மையான தடை ஒருநாள் சம்பளமும் போக்குவரத்தும்தான். தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குப் பேருந்து எத்தனை மணிக்கு என்று தெரிந்தவர்களுக்கு இது புரியும். அதனால் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரே நாளில் ஒரே காரில் போவது நல்ல வழி.

உறுதியான பிறகு

பெரும்பாலும் முதலில் கொடுப்பது மெட்பார்மின். ஆரம்பத்தில் வயிற்றைப் புரட்டும், சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் குறையும். "மாத்திரை போட்டா கிட்னி போயிடும்" என்பது தோட்டத்தில் எல்லாரும் சொல்லும் பேச்சு. நடப்பது நேர்மாறு. இந்நாட்டில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு நோயாளிகள். கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத சீனி. கிட்னி பலவீனமானால் டாக்டர் மாத்திரை அளவைக் குறைப்பார். அதைப் பார்த்துத்தான் இந்தக் கதை கிளம்பியிருக்க வேண்டும். பாகற்காய்ச் சாறு குடிப்பவர்கள் குடிக்கட்டும். ஆனால் அதை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

விடியற்காலையில் வேலைக்குப் போகிறவர்கள் ஒன்றை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்: "நான் அஞ்சரைக்குப் போறேன், பத்து மணிக்குத்தான் பசியாறுவேன்." கிளிக்லசைட் போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் போனால் சீனி மளமளவென்று இறங்கும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, பேச்சுக் குழறல் வரும். செம்பனைக் காட்டுக்குள் தனியாக இருக்கும்போது அப்படி வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சட்டைப் பையில் இனிப்பு மிட்டாய் வைத்திருப்பது, நீரிழிவு உள்ளவருக்கு முரணாகத் தோன்றினாலும், உயிர் காக்கும்.

உணவைப் பற்றிச் சுருக்கமாக. சோற்றை விட வேண்டாம், தட்டில் அதன் இடத்தைக் கால் பங்காக்கி, பாதியைக் காய்கறிக்குக் கொடுங்கள். டின் பாலில் பாதிக்கு மேல் சீனிதான். இரண்டு மேசைக்கரண்டி ஊற்றிய தே தாரிக்கில் நான்கு ஐந்து தேக்கரண்டிச் சீனி போய்விடுகிறது. ஒரு நாளில் மூன்று குவளை குடிப்பவர் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 'தே ஓ கோசோங்' என்று கேட்கப் பழகுங்கள்.

காலைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நரம்பு மரத்துப்போன காலில் செம்பனை முள் ஏறினாலும் வலிக்காது. வலிக்காததால் பார்ப்பதில்லை, பார்க்காததால் புண், புண் பெரிதாகி விரல் போகிறது. ஈரமான பூட்ஸைக் கழற்றியவுடன் விரலிடுக்கைத் துடைத்து, பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்தோ பிள்ளையைப் பார்க்கச் சொல்லியோ தினமும் பாருங்கள். கோயிலில் வெறுங்காலோடு வெயிலில் சுற்றுவதையும், தீமிதியையும் கால் மரத்தவர்கள் டாக்டரிடம் கேட்காமல் செய்ய வேண்டாம். கண்ணின் பின்திரைப் படமும் சிறுநீரில் புரதப் பரிசோதனையும் ஆண்டுக்கொரு முறை. கிளினிக்கில் மறந்தால் நீங்கள் கேளுங்கள்.

வகுப்பறையில்

ஆசிரியர்களே, ஒரு மாணவர் திடீரென்று அடிக்கடி கழிவறைக்கு அனுமதி கேட்கிறார், தண்ணீர்ப் புட்டியைக் காலி செய்கிறார், சில வாரங்களில் மெலிந்துவிட்டார் என்றால் குறும்பு என்று கண்டிக்குமுன் பெற்றோரை அழைத்துப் பேசுங்கள். முதல் வகை நீரிழிவு இப்படித்தான் தொடங்கும், அது நாள்கணக்கில் மோசமாகக் கூடியது. ஏற்கெனவே இன்சுலின் போடும் மாணவர் நடுங்கினால், மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, 999-ஐ அழையுங்கள்.

எஸ்.பி.எம். உயிரியல் மாணவர்கள் பலர் செய்யும் ஒரு தவறு: "நீரிழிவு என்பது இன்சுலின் இல்லாததால் வருவது" என்று எல்லாவற்றுக்கும் ஒரே பதில் எழுதுவது. முதல் வகையில் கணையத்தின் பீட்டா உயிரணுக்கள் அழிந்து இன்சுலின் சுரப்பது நின்றுபோகிறது. நம் வீடுகளில் காணும் இரண்டாம் வகையில், இன்சுலின் தொடக்கத்தில் நிறையவே சுரக்கும், உயிரணுக்கள்தாம் அதற்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. இன்சுலின் 1921-இல் டொராண்டோவில் கண்டுபிடிக்கப்பட்டது, 1922 ஜனவரியில் முதன்முதலாக ஒரு பதினான்கு வயதுச் சிறுவனுக்குப் போடப்பட்டது. உங்களைவிடச் சின்னப் பையன் அவன்.

மாணவர்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. பாட்டியோ அப்பாவோ கிளினிக் போகும்போது மொழிபெயர்ப்பாளர் பெரும்பாலும் நீங்கள்தான். மருந்துப் பையில் 'செபெலும் மாக்கான்' என்றால் சாப்பிடுமுன், 'செலெபாஸ் மாக்கான்' என்றால் சாப்பிட்ட பின். 'புவாசா' என்று தேதிச் சீட்டில் எழுதியிருந்தால் சாப்பிடாமல் வர வேண்டும். பாட்டி "தலை சுத்துதுன்னு சொல்லு" என்று சொல்வதோடு நிறுத்திவிடாதீர்கள், எந்த நேரத்தில், மாத்திரை போட்ட பிறகா, சாப்பிடுமுன்னா என்று கேட்டுச் சொல்லுங்கள். மருந்துப் பை ஒவ்வொன்றிலும் தமிழில் பெரிய எழுத்தில் நேரத்தை எழுதி ஒட்டிவிட்டு, சாமி படத்துக்குப் பின்னால் பழைய சீட்டு ஏதாவது இருக்கிறதா என்றும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.