பிராவில் பொருத்தும் ஸ்கேன்

ஒலியலையால் எடுக்கும் மார்பக ஸ்கேன் என்பது பாதி கருவி, பாதி கை. ஜெல் தடவி, ஸ்கேன் கருவியின் புரோபை எவ்வளவு அழுத்துகிறோம், எந்தப் பக்கம் சாய்க்கிறோம் என்பதைப் பொறுத்துப் படம் மாறும். இன்று நான் பார்த்த சின்னக் கட்டியை ஆறு மாதம் கழித்து வேறொரு ரேடியாலஜிஸ்ட் தேடினால், அதே இடமும் அதே கோணமும் அமைவது லேசில்லை. அதனால், பிராவில் பொருத்தும் ஸ்கேன் பட்டை ஒன்றைப் பற்றிப் படித்தபோது, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்பதைவிட ஒவ்வொரு முறையும் அதே இடத்தைப் பார்க்கலாம் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜனான் தாதெவிரன் என்ற துருக்கியப் பெண் விஞ்ஞானியின் குழு 2023இல் வெளியிட்ட ஆய்வு அது. அவருடைய நெருங்கிய உறவுப் பெண் ஒருவர் ஒழுங்காகப் பரிசோதனைக்குப் போய்வந்தவர். அப்படியும் 49 வயதில் முற்றிய மார்பகப் புற்று என்று தெரிந்து, ஆறே மாதத்தில் இறந்துபோனார். அவர் படுத்திருந்த கட்டிலருகே உட்கார்ந்து தாதெவிரன் போட்ட கோட்டுப்படம்தான் இந்தப் பட்டையின் தொடக்கம். மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராம் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் முளைக்கும் இத்தகைய புற்றுகள் மொத்தத்தில் 20 முதல் 30 சதவீதம் என்கிறது அந்தக் குழு.

பட்டை வளைந்து கொடுக்கும். தேன்கூடு மாதிரி துளைகள். காந்தத்தால் பிராவோடு ஒட்டிக்கொள்ள, துளை வழியே ஒரு குட்டி ஸ்கேனர் தோலைத் தொடும். அதை ஆறு இடங்களுக்கு நகர்த்தி மார்பு முழுவதையும் பார்க்கலாம். இடத்தைப் பட்டையே காட்டிவிடுவதால் பழகாத கையே போதும். ஏற்கெனவே நீர்க்கட்டி இருந்த 71 வயதுப் பெண்மணி ஒருவரிடம் சோதித்ததில், 0.3 செ.மீ. அளவுள்ள கட்டிகூடத் தெரிந்தது.

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். நீர்க்கட்டி எங்களுக்கு எளிய இரை. உள்ளே இருக்கும் நீர் ஒலியைத் திருப்பி அனுப்பாது. படத்தில் கன்னங்கரேலென்று நிற்கும். புற்றுக்கட்டியோ பல நேரம் ஓரம் தெளிவில்லாமல், சுற்றியுள்ள திசுவோடு கலந்து கிடக்கும். மிக ஆரம்பப் புற்றின் அடையாளமான பொடிப்பொடிக் கால்சியத் துகள்கள் மேமோகிராமில்தான் நன்றாகத் தெரியும். ஒலியலையில் எளிதில் சிக்காது. அந்த ஆய்வின்போது, பட்டை எடுத்த படத்தைப் பார்க்க வழக்கமான ஸ்கேன் கருவியோடுதான் இணைக்க வேண்டியிருந்தது. நம் நாட்டில் இன்னொரு முடிச்சும் உண்டு. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தால், அந்த ஸ்கேன் கருவியைப் பதிவுசெய்த இடத்தில்தான் வைத்திருக்கலாம், நினைத்தபடி வீட்டில் அல்ல.

மார்பின் சூட்டை அளந்து போனில் முடிவு சொல்லும் கருவிகள் வேறு ரகம். புற்றைச் சுற்றி ரத்த ஓட்டம் கூடும், சூடு ஏறும் என்பது கணக்கு. ஆழத்தில் இருக்கும் சின்னக் கட்டியின் சூடு தோல்வரை வந்தாக வேண்டுமே! வெப்பப் படம் மேமோகிராமுக்கு மாற்றல்ல என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ பலமுறை எச்சரித்திருக்கிறது. போன் திரையில் ‘நார்மல்’ என்று வந்துவிட்டால், கையில் தட்டுப்படும் கட்டியைக்கூடத் தள்ளிப்போடுவார்களே என்பதுதான் என் பயம்.

கருவி இல்லாமலே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை 1998இல் சுமார் 1.5 லட்சம் பெண்களை வைத்து ஓர் ஆய்வு தொடங்கியது. அவர்களில் ஒரு பிரிவினரை, பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையாலேயே பரிசோதித்தார்கள். 2021இல் முடிவு வந்தது: 50 வயது தாண்டியவர்களிடம் மார்பகப் புற்றால் வரும் இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைவு. இளையவர்களிடம் அந்தப் பலன் இல்லை. ஷாங்காயில் ஆலைத் தொழிலாளிப் பெண்களுக்குச் சுயபரிசோதனை மட்டும் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். இறப்பு குறையவில்லை, சாதாரணக் கட்டிகளுக்கான பயாப்சிதான் கூடியது. பயிற்சி பெற்ற கையும், கண்டபின் கூட்டிப்போய்ச் சிகிச்சை தருவதும் சேர்ந்துதான் மும்பையில் வேலை செய்தன என்பது என் கணிப்பு.

“வலியே இல்லீங்களே டாக்டரம்மா, அதான் விட்டுட்டேன்.” என் அறையில் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. ஆரம்பப் புற்று பெரும்பாலும் வலிக்காது. கட்டி, காம்பு உள்வாங்குதல், ரத்தக் கசிவு, அக்குளில் வீக்கம் என எது கண்டாலும் அந்த வாரமே காட்டுங்கள். 40 வயதைத் தாண்டியவர்களும், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ இந்த நோய் வந்தவர்களும், கருவி வாங்க எடுத்துவைத்த பணத்தில் முதலில் ஒரு டாக்டரைப் பார்த்து, மேமோகிராம் எப்போது எடுக்கலாம் என்று கேளுங்கள்.