விரல் ரேகை தேய்ந்தால் தவணை நிற்குமா?

கோலியனூர் பக்கம் மல்லாட்டை பிடுங்கும் நேரத்தில் ஒரு கொல்லைக்குப் போயிருந்தேன். அறுபதைத் தாண்டிய விவசாயி ஒருவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். “சார், மூணு தடவை கம்ப்யூட்டர் மையத்துக்குப் போயிட்டேன். ரேகை விழலைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ரெண்டாயிரம் ரூபாய்க்காக மூணு நாள் வேலை கெட்டுப்போச்சு” என்றார். களைக்கொட்டு பிடித்துப் பிடித்து மழுங்கிய விரல்கள். அதில் ரேகையை இயந்திரம் எங்கே தேடும்?

பி.எம். கிசான் திட்டம் 2019 பிப்ரவரி 24 அன்று தொடங்கியது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக வங்கிக் கணக்குக்கே வருகிறது. பணம் வர மூன்று கதவுகள் திறந்திருக்க வேண்டும். நிலப் பதிவு சரியாக இருக்க வேண்டும், வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்க வேண்டும், இ-கே.ஒய்.சி. எனும் ஆள் சரிபார்ப்பு முடிந்திருக்க வேண்டும். அரசுப் பணம் வேறு ஆளுக்குப் போகாமல் இருக்க இந்தக் காவல் தேவைதான். ஆனால், எந்தக் கதவு மூடியிருக்கிறது என்று சொல்லாமல் ‘மீண்டும் முயற்சிக்கவும்’ என்று மட்டும் காட்டினால், விவசாயி எங்கே போய் நிற்பார்? செயலி தயாரிக்கும் பிள்ளைகள் ஒருநாள் களத்துமேட்டில் உட்கார்ந்து, சிக்னல் ஒரு கோடாக இருக்கும்போது தங்கள் செயலியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

அந்த விவசாயிக்கு ஓ.டி.பி. வழியும் அடைத்திருந்தது. ஆதாரில் இருந்த எண், எப்போதோ தொலைந்த சிம். இப்படிப்பட்டவர்களுக்காகவே 2023 ஜூன் மாதம் பி.எம். கிசான் செயலியில் முகம் காட்டிச் சரிபார்க்கும் வசதி வந்தது. ஓ.டி.பி. வேண்டாம், விரல் வேண்டாம். சரிபார்ப்பு அப்படியே இருக்கிறது, அலைச்சல் மட்டும் போய்விட்டது. சொந்தமாக ஸ்மார்ட் போன் இல்லாவிட்டாலும் கவலையில்லை. இ-கே.ஒய்.சி. முடித்த ஒரு விவசாயி, தன் போனிலிருந்தே அக்கம்பக்கத்தில் 100 பேர் வரை முடித்துக்கொடுக்கலாம். ‘ஆதார் ஃபேஸ் ஆர்.டி.’ என்ற துணைச் செயலியும் அந்தப் போனில் இருக்க வேண்டும். இதைச் சொல்ல மறந்துவிட்டு ‘வேலை செய்யலையே’ என்பவர்கள் அதிகம்.

வெளிச்சம் முகத்தில் விழும்படி நில்லுங்கள். முதுகுக்குப் பின்னால் வெயில் இருந்தால் முகம் கறுத்துத் தெரியும். நானே அப்படி நின்று இரண்டு முறை ஏமாந்தேன். கண்ணை ஒருமுறை இமைத்தால் படம் தானே எடுத்துக்கொள்ளும்.

ஆதாரில் பழைய எண் இருந்தால் அதையும் மாற்றிவிடுவது நல்லது. தபால்காரரிடம் கேளுங்கள். இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் பேங்க் மூலம் 2021 முதல் வீட்டுக்கே வந்து மாற்றித் தருகிறார்கள், கட்டணம் உண்டு. இரண்டு வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்கள், கடைசியாக ஆதார் இணைத்த கணக்கைப் பாருங்கள். பணம் வரவில்லை என்று வந்தவர்கள் சிலருக்கு, மறந்துபோன அந்தக் கணக்கில்தான் விழுந்திருந்தது.

எல்லாத் தடையும் வீண் தடை அல்ல. பணம் அனுப்பும் முன் யு.பி.ஐ. செயலி எதிராளியின் பெயரைக் காட்டுகிறதே, அங்கே அவசரப்படாதீர்கள். பணம் வாங்குவதற்குப் பின் எண் ஒருபோதும் தேவையில்லை. ‘பி.எம். கிசான்’ என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பைத் தொடவே தொடாதீர்கள், அது உங்கள் கணக்கைத் துடைத்துவிடும். செயலியை ப்ளே ஸ்டோரில் மட்டும் இறக்குங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-க்கு அழையுங்கள். சாதா போன் வைத்திருப்பவர்களுக்கு 2022 மார்ச்சில் வந்த ‘யு.பி.ஐ. 123பே’ இருக்கிறது, இணையம் இல்லாமலே பணம் அனுப்பலாம்.

பக்கத்துக் கொல்லைக்காரர் போனை வாங்கி, அந்தப் பெரியவரைக் கிழக்கே திரும்பி நிற்கச் சொன்னோம். தலைப்பாகையை அவிழ்த்து, ஒருமுறை கண்ணை இமைத்தார். முடிந்தது. “இவ்ளோதானா?” என்றவர், வரப்பில் நின்ற தம்பியைக் கைதட்டிக் கூப்பிட்டார்.