நோய்க்கும் நோய் உண்டு

வட்டவளையில் மழை தொடங்கினால் எப்போது ஓயும் என்று யாரும் கேட்பதில்லை. இலங்கையிலேயே அதிக மழை பெறும் இடங்களுள் இதுவும் ஒன்று. தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் கொழுந்தின் ஈரம் காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும். அந்த ஈரத்தில்தான் கொப்புள நோய் பரவுகிறது. இளங்கொழுந்தில் எண்ணெய்ப் புள்ளி போலத் தோன்றி, பின்னர் இலையின் அடிப்புறத்தில் வெள்ளையாகப் புடைத்து நிற்கும் இந்நோயை அறியாதவர் எம்மில் இல்லை.

மண்சரிவினால் லயத்தை விட்டு வெளியேறி, சிறு துண்டு நிலத்தில் தேயிலையும் மரக்கறியும் வைத்திருக்கும் குடும்பங்களுடன் நாம் அண்மையில் கூடியிருந்தோம். அப்போது ஒரு தாய் வெற்றுப் போத்தல் ஒன்றைக் கொண்டு வந்து காட்டினார்.

"சாமி, இதுக்குள்ள பங்கசைக் கொல்லுற வைரசு இருக்குன்னு சொல்லித்தான் வித்தாங்க. தோட்டை அடகு வச்சு வாங்கினேன். மூணு தரம் அடிச்சும் கொப்புளம் நிக்கல. அப்படி ஒரு வைரசு இருக்குதா, இல்ல நம்மள ஏமாத்திட்டாங்களா?"

போத்தலில் பெயரும் இல்லை; பதிவிலக்கமும் இல்லை. அவருடைய கேள்வியின் இரண்டு பாதிக்கும் விடை 'ஆம்' என்பதே. பங்கசைத் தாக்கும் வைரசு உண்டு. அவர் ஏமாற்றப்பட்டதும் உண்மை. இவ்விரண்டையும் பிரித்து அறிந்துகொள்வது எமக்கு அவசியம்.

பங்கசு எமக்குப் புதிதன்று

எமது முன்னோர் முதலில் இந்த மலைக்கு வந்தது தேயிலைக்காக அல்ல, கோப்பிக்காக. 1869ஆம் ஆண்டு கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூள் காணப்பட்டது. அது ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்னும் பங்கசு. 1880இல் இங்கு வந்து அதை ஆராய்ந்த மார்ஷல் வார்ட் என்னும் ஆங்கிலேய அறிஞர், மலை மலையாக ஒரே பயிரை இடைவெளியின்றி நட்டதே காற்றில் வரும் வித்திகளுக்கு வழிவிட்டது என்று எடுத்துக்காட்டினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. கோப்பி அழிந்தது, வேலை இழந்த குடும்பங்கள் மீண்டும் இடம்பெயர்ந்தன. கோப்பி நின்ற மலைகளில் தேயிலை ஏறியது. 1946இல் அந்தத் தேயிலைக்கும் கொப்புள நோய் வந்து சேர்ந்தது.

இலையில் விழும் ஒரு புள்ளி குடும்பங்களை ஊர்விட்டு ஊர் துரத்த வல்லது. ஆகவே, அந்தத் தாயின் கேள்வி சிறிய கேள்வியன்று.

பங்கசுக்கு வரும் காய்ச்சல்

மனிதருக்குத் தடிமன் வருவதுபோல் பங்கசுக்கும் வைரசு நோய் வருகிறது. இது முதலில் தெரியவந்தது காளான் வளர்ப்பவர்களின் நட்டத்தினால்தான். 1948இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு பண்ணையில் காளான்கள் உருக்குலைந்து வளர்ந்தன. அத்தகைய நோயுற்ற காளான்களில் வைரசு இருப்பதை 1962இல் இங்கிலாந்தில் ஹோலிங்ஸ் என்பவர் கண்டறிந்தார். காளானும் ஒரு பங்கசே. ஆகவே, பங்கசின் வைரசு எல்லா வேளையிலும் விவசாயிக்கு நண்பன் அல்ல. பல வைரசுகள் பங்கசுக்குள் இருந்தும் எவ்வித மாற்றத்தையும் உண்டாக்குவதில்லை.

நன்மை செய்த கதை ஐரோப்பாவில் உண்டு. இத்தாலி, பிரான்ஸ் நாடுகளின் மலைவாழ் ஏழைகள் செஸ்நட் என்னும் மரத்தின் கொட்டையை மாவாக்கி உண்டு வாழ்ந்தவர்கள். கிழக்காசியாவிலிருந்து வந்த ஒரு பங்கசு அம்மரத்தின் பட்டையை அரித்துக் கொல்லும். 1904இல் நியூயோர்க்கில் காணப்பட்ட அந்நோய், அரை நூற்றாண்டுக்குள் அமெரிக்காவில் முந்நூறு கோடிக்கும் மேற்பட்ட மரங்களை அழித்தது. 1938இல் இத்தாலியின் ஜெனோவாவில் அது காணப்பட்டபோது அங்கும் அதே கதி என்றே எண்ணினர். ஆனால் 1950களின் தொடக்கத்தில் பிராகி என்னும் இத்தாலியர், சில மரங்களில் புண் தானாகவே ஆறுவதைக் கண்டார். பிரான்சில் கிரான்ட் என்பவர் ஆறிய புண்களிலிருந்து பங்கசை எடுத்து வளர்த்தபோது, வழக்கமான செம்மஞ்சள் நிறமின்றி அது வெளிறியிருந்தது. அதைக் கொடிய பங்கசோடு சேர்த்தால் கொடியதும் வலுவிழந்தது. இதற்குக் காரணம் உள்ளிருந்த வைரசு என்பது 1970களில் தெளிவாயிற்று.

வைரசு எப்படிப் பரவுகிறது? ஒரே பீலியில் தண்ணீர் பிடிக்கும் லயத்தில் ஒரு வீட்டுக் காய்ச்சல் அடுத்த வீட்டுக்குப் போவதுபோல, ஒரே வகையைச் சேர்ந்த பங்கசு இழைகள் ஒன்றோடொன்று இணையும்போது வைரசு கடந்து செல்கிறது. வகை வேறானால் இணைந்த இடத்தில் இழைகள் மடிந்துவிடும், வழி அடைபடும். ஐரோப்பாவில் அப்பங்கசின் வகைகள் குறைவு. ஆகவே மரங்கள் பல பிழைத்தன. அமெரிக்காவில் வகைகள் மிகுதி. அங்கு அதே முறை பெரிதும் பலிக்கவில்லை.

தேயிலையில் என்ன நிலை?

தேயிலைக்குச் சாம்பல் கருகல் நோயை உண்டாக்கும் பெஸ்டலோடியோப்சிஸ் என்னும் பங்கசு உண்டு. அதைத் தாக்கும் ஒரு வைரசைப் பற்றி 2021இல் சீன விஞ்ஞானிகள் எழுதினர். வைரசு ஏறிய பங்கசு இலையைக் கருக்காமல், இலைக்குள்ளேயே சாதுவாகக் குடியிருக்கிறது. கொடிய பங்கசை எதிர்த்து நிற்கவும் இலைக்கு உதவுகிறது. இது மகிழ்ச்சியான செய்தி.

ஆனால், அது சாம்பல் கருகலின் பங்கசுக்கு உரிய வைரசு. கொப்புள நோயின் பங்கசு வேறு. அது உயிருள்ள தேயிலையில் மட்டுமே வாழ்வதால், ஆய்வுகூடத் தட்டில் வளர்த்து ஆராய்வதும் கடினம். கொப்புள நோய்க்கான வைரசு மருந்து எதுவும் இன்று விற்பனையில் இல்லை. ஆய்வுகூடத்து உண்மையின் ஒரு துண்டைக் காட்டி எம்மவரின் தோட்டை வாங்கிச் சென்றிருக்கிறார்கள்.

2021இல் இரசாயன உரமும் பீடைகொல்லிகளும் இறக்குமதித் தடைக்கு உள்ளாகி, அதே ஆண்டு நவம்பரில் தடை நீங்கும்வரை விவசாயிகள் பட்ட அவதியை நாம் மறக்கவில்லை. தட்டுப்பாடும் விலையேற்றமும் உள்ள இடத்தில்தான் பெயரற்ற போத்தல் நுழைகிறது.

நாம் செய்யக்கூடியவை

கொப்புளப் பங்கசு தாக்குவது இளந்துளிரை மட்டுமே. ஆகவே, மழைக்காலத்தில் கொழுந்துச் சுற்றைப் பிந்தவிடாதீர்கள். எடுத்த கொழுந்தோடு நோயும் வெளியேறும்.

மழை பிடிக்கும் முன் நிழல் மரக் கிளைகளைக் கழித்துவிடுங்கள். வெயில் பட்டு இலை காய்ந்தால் வித்தி முளைக்காது.

கவ்வாத்து வெட்டியபின் எழும் துளிர் அடைமழையில் அகப்படாதபடி காலம் பார்த்து வெட்டுங்கள். அந்தத் துளிருக்குத்தான் செப்பு மருந்து மிகவும் தேவை. அளவை அதிகாரியிடம் கேட்டே கலக்குங்கள்.

புதிதாக நடுவோர், நோயைத் தாங்கும் இனம் எது என்று தவறணையில் கேட்டு வாங்குங்கள். தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் இவ்விடயத்தில் ஆலோசனை தருகிறது. துண்டு நிலம் முழுவதும் ஒரே பயிராக வேண்டாம்; போஞ்சியும் லீக்சும் ஓரமாக இருக்கட்டும். கோப்பியின் அழிவு எமக்குச் சொல்லித் தந்த பாடம் அது.

பெயர், பதிவிலக்கம், காலாவதித் திகதி ஆகிய மூன்றும் இல்லாத எந்த மருந்துக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

அந்தத் தாயிடம், போத்தலை எறிந்துவிடாமல் வைத்திருக்கும்படி கூறினோம். அடுத்த கிழமை அதை எடுத்துக்கொண்டு அவரோடு விவசாய அலுவலகத்துக்குச் செல்கிறோம். இத்தகைய போத்தல் வாங்கியவர்கள் வேறு எவரேனும் இருந்தால், தயங்காமல் எம்மோடு வாருங்கள். ஒருவராகச் சென்றால் முறைப்பாடு. பலராகச் சென்றால் விசாரணை நடக்கும்.