கழற்றிய காமிராவும் கழலாத காட்சிகளும்

2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டுக்கு அவ்வப்போது ஒரு சொட்டு எண்ணெய் போதும். திருப்பனந்தாள் போன்ற டெல்டா ஊர்களில், ஆண்கள் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் பொருளீட்ட, பெண்களும் முதியோரும் தங்கியிருக்கும் இல்லங்களில் இன்று காமிராவும் காவல் புரிகிறது. அதற்கோ எண்ணெய் போதாது.

கண்ணாடிமுன் சிலந்தி வலை படர்ந்தால் இரவுக் காட்சி வெளுத்துவிடும். ஐப்பசி மழையில் இணைப்பு முனைகள் பாசம் பிடிக்கும். பதிவுப் பெட்டியினுள் இருக்கும் சிறு பொத்தான் பாட்டரி தீர்ந்தால் தேதி பிறழும். தேதி பிறழ்ந்த காட்சியைக் காவல் நிலையத்தில் காட்டி என்ன பயன்? திரையில் படம் தெரிவதால் பதிவாகிறது என்று எண்ணிவிடலாகாது. மாதம் ஒருமுறை பழைய நாளொன்றை ஓட்டிப் பார்த்தல் நலம்.

பெரிய கவலை, கழற்றும்போதுதான். பழுதான பெட்டியைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுகிறோம். அதன் ஹார்ட் டிஸ்கில் நம் முற்றமும் வீட்டுப் பெண்களின் நடமாட்டமும் அப்படியே இருக்கின்றன! அந்நியர் அனுமதியின்றி நுழையக் கூடாத வீட்டை நாமே விற்றுவிடுகிறோம். மேலோட்டமாக அழித்தால் காட்சிகளை மீட்டெடுக்க இயலும். வட்டைத் தனியே கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். அல்லது துளையிட்டுச் சிதையுங்கள். கைப்பேசிக் கணக்கிலிருந்தும் கருவியை நீக்குங்கள். பொருத்த வந்தவர் தம் கைப்பேசியிலேயே கணக்குத் தொடங்கியிருந்தால், அவர் கண்ணும் நம் வீட்டில்தான்.

கடவுச்சொல்லையும் முதல் நாளே மாற்ற வேண்டும். 2016இல் மிராய் என்னும் தீநிரல், ஆலையில் இட்ட கடவுச்சொல் மாற்றப்படாத காமிராக்களைத்தான் ஏராளமாகக் கைப்பற்றியது.

2023 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே இவை சேர வேண்டும். சுவரில் எஞ்சிய துளையைச் சிமெண்டால் அடைத்துவிடுங்கள். மழைநீர் அவ்வழியே இறங்கும்.