அடுக்களை வாசலிலிருந்து சினிமாவும் சீரியலும்

"சினிமாவைப் பற்றி எழுத நீ என்ன பெரிய விமர்சகியா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். இல்லைதான். ஆனால் குழம்பில் உப்பு தூக்கல் என்று சொல்ல, சாப்பிடுகிறவளுக்குச் சமையல் பட்டமா வேண்டும்? முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகப் பார்த்து வருகிறேன். 1987-ல் ஞாயிற்றுக்கிழமை காலையில் ராமாயணம் ஓடியபோது, ஒரு வார்த்தை ஹிந்தி தெரியாமல், முகத்தைப் பார்த்தே கதை புரிந்துகொண்ட சின்னப் பெண்களில் நானும் ஒருத்தி. வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' தொடங்குமுன் வீட்டுப்பாடம் முடித்தாக வேண்டும் என்பது எங்கள் அம்மாவின் சட்டம். இன்றைக்குத் தாளிக்கும்போதே பக்கத்தில் செல்போனைச் சாய்த்து வைத்துப் பார்க்கிற காலம். பார்க்கிற விதம்தான் மாறியிருக்கிறது. அழுகையும் ஆத்திரமும் அப்படியேதான் இருக்கின்றன. ஆகவே என் அபிப்பிராயங்களைச் சொல்கிறேன்.

பழைய படங்கள் இரண்டு

மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979) நம் நெல்லைக்காரரான புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை' கதையிலிருந்து பிறந்த படம். அதில் விஜயன் நடித்த சுந்தரவடிவேலு கத்துகிறதே இல்லை. மெதுவாகப் பேசியே பெண்டாட்டியை வாட்டி எடுப்பான். கத்துகிற புருஷனை ஊர் அறியும். இவனை யார் அறிவார்? இதைத் துணிந்து காட்டியதற்காகவே அந்தப் படத்தைக் கும்பிடலாம். கடைசியில் ஊரே கூடி அவனை ஆற்றில் இறங்கச் சொல்கிறது. எல்லோரும் அதை நியாயம் என்பார்கள். எனக்கென்னவோ கரையில் நிற்கும் அந்த இரண்டு பிள்ளைகள்தான் கண்ணில் நிற்கிறார்கள். ஊர் தன் கோபத்தைத் தீர்த்துக்கொண்டது, சரி. அந்தப் பிள்ளைகளுக்கு ராத்திரிச் சோறு யார் போட்டார்கள்?

அடுத்தது விசுவின் 'சம்சாரம் அது மின்சாரம்' (1986). வீட்டுக்கு நடுவே கோடு கிழித்த கதை. தேசிய விருது பெற்ற படம். எல்லாம் சரியாகி மறுபடி ஒன்றாக இருக்கலாம் என்று சொல்லும்போது, மூத்த மருமகள் உமா, "வேண்டாம், தனியாக இருப்போம், நல்ல நாளில் வந்து போவோம்" என்கிற பொருளில் பேசுவாள். லட்சுமி எத்தனை நிதானமாகச் செய்திருப்பார்! என் மாமியாருக்கு இன்றைக்கும் அந்த முடிவு பிடிக்காது. "குடும்பத்தைப் பிரிச்சிட்டாளே" என்பார்கள். "இல்ல அத்தை, உறவைக் காப்பாத்திட்டா" என்பேன் நான். தூர இருந்தால் சேர உறவு என்று பெரியவர்களே சொல்லவில்லையா? இந்த வழக்கு எங்கள் வீட்டில் பல வருஷமாக ஓடுகிறது. தீர்ப்பாகவில்லை. ஆனால் மாமியாரும் மருமகளும் சண்டை போடாமல் இதைப் பேசிக்கொள்ள ஒரு படம் வழி பண்ணிக் கொடுத்ததே, அதுவே பெரிசு.

சீரியல் மருமகள்கள்

'சித்தி'யில் ராதிகாவைப் பார்த்துப் பழகிய நாங்கள், 2002-ல் வந்த 'மெட்டி ஒலி'யில் நன்றாகவே மாட்டிக்கொண்டோம். ஐந்து பெண்களைப் பெற்ற அந்த அப்பாவைப் பார்த்து அழாத வீடு இல்லை. வாடகை வீடு, கல்யாணக் கடன், சீர் செனத்தி என்று நம் வீட்டுச் சமாசாரங்களாகவே இருந்தன. அடுத்து வந்த 'கோலங்க'ளில் தேவயானியின் அபி கட்டடத் தொழில் நடத்தினாள். அது பெரிய மாற்றம். ஆனாலும் 2003-ல் தொடங்கி 2009 வரை 1500 அத்தியாயங்களுக்கு மேல் அந்தப் பெண் படாத பாடு பட்டாளே! ஒரு பெண் ஜெயிப்பதற்கு ஆறு வருஷம் அழ வேண்டுமா?

2022-ல் தொடங்கிய 'எதிர்நீச்சல்' படித்த பெண்களை அடுக்களைக்குள் பூட்டி வைத்த ஒரு குடும்பத்தைக் காட்டியது. ஆதி குணசேகரனாக வந்த மாரிமுத்து, 2023 செப்டம்பரில் காலமானார். அருமையான நடிகர். அவர் அதட்டலைக் கேட்டால் நம் சொந்தத்தில் யாரோ ஒருவர் ஞாபகத்துக்கு வருவார். அதுதான் எனக்குக் கவலையும்கூட. எங்கள் தெருவில் அரைக்கால் சட்டைப் பையன் ஒருவன், தண்ணீர் கொண்டுவரத் தாமதமான தன் அம்மாவை அதே குரலில் அதட்டினான். சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. வில்லனை வெறுக்க வேண்டிய இடத்தில் ரசிக்க வைத்துவிட்டால், கதை எந்தப் பக்கம் நிற்கிறது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி வெள்ளம் ஏரலைத் தீவாக்கியது. கரண்ட் இல்லை, போன் இல்லை. மாடி வீடு உள்ளவர்கள் வீட்டில் அக்கம்பக்கத்துக்காரர்கள் எல்லோரும் இருந்தோம். இரவு ஒன்பதரை மணிக்கு ஒரு ஆச்சி, "குணசேகரன் வீட்ல இன்னிக்கு என்ன ஆயிருக்கும்ளா?" என்று கேட்டார்கள். வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து சாமான் செட்டெல்லாம் போன பெண்களுக்கு அந்த நேரத்தில் சிரிப்பு வந்தது. பிறகு நாங்களே கதையை நடத்தினோம். இரண்டாம் நாளே ஈஸ்வரியைப் பெட்டியோடு வீட்டை விட்டுக் கிளப்பி, தனி வீடு பார்த்து வைத்தோம். நந்தினிக்கு ஒரு மெஸ் வைத்துக் கொடுத்தோம். டி.வி.யில் அந்தக் கதை 2024 ஜூனில் முடிந்து, டிசம்பரில் அடுத்த பாகமும் தொடங்கிவிட்டது. பார்க்கிற பெண்களுக்கு இருக்கிற தைரியம், எழுதுகிறவர்களுக்கு ஏன் வரமாட்டேன் என்கிறது?

சீரியல் வைத்தியம்

எனக்கு அதிகக் கோபம் இதில்தான். சீரியலில் மாரடைப்பு என்றால் இடது மார்பைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய வேண்டும். நிஜத்தில் எப்போதும் அப்படி வராது. நெஞ்சு வலிதான் பொதுவான அடையாளம். ஆனால் பெண்களுக்கு மூச்சு வாங்குதல், தாடை, கழுத்து, முதுகில் வலி, குமட்டல், காரணமில்லாத அசதி என்றும் வரலாம். எங்கள் தெரு மதினி ஒருத்தி முதுகும் தாடையும் வலிக்கிறதென்று, "வாயுப் பிடிப்புதான்" என ஒரு பகல் முழுவதும் ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் இருதயம் என்றார்கள். நல்லவேளை, பிழைத்துக்கொண்டாள். "நெஞ்சைப் பிடிக்கலையே, அதான் ஒண்ணுமில்லைன்னு நெனச்சேன்" என்றாள். இப்படித் திடீரென்று வந்தால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

மயக்கம் போட்டு விழுந்தாலே நாடி பிடித்து, "நல்ல செய்திதான்" என்பதும் இதே ரகம். ரத்தசோகையிலும் மயக்கம் வரும், சாப்பிடாமல் வேலை பார்த்தாலும் வரும். சீரியல் மருமகள் ஒருத்தியாவது இரும்புச்சத்து மாத்திரை போட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

நம் மண்ணின் படங்கள்

நெல்லைத் தமிழ் என்றால் 'ஏலே'யைக் கூட்டிச் சிரிக்க வைப்பதுதான் சினிமாவில் வழக்கம். அதை மாற்றிய படங்களில் மூன்றைச் சொல்வேன். 'பரியேறும் பெருமாள்' (2018) நம் பேச்சை நிஜமான கோபத்தோடும் மரியாதையோடும் பேசியது. வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' (2010), இங்கிருந்து சென்னைத் துணிக்கடைகளுக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகளின் கதை. நாள் முழுக்க நின்று நின்று கால் வீங்கிய அந்தப் பெண்களைப் பார்த்தபின், கடையில் பத்துப் புடவையைப் பிரிக்கச் சொல்ல எனக்கு மனசு வருவதில்லை.

மூன்றாவது, மாரி செல்வராஜின் 'வாழை' (2024). அவர் இந்த மாவட்டத்துப் புளியங்குளத்துக்காரர். தம் சின்ன வயதில் நடந்த லாரி விபத்தை வைத்து எடுத்தார். வாழைத்தார் சுமக்கும் கூலியில் ஒரு ரூபாய் உயர்த்தக் கேட்டதற்கு ஈடாக, ஆட்களையும் அதே தார் லாரியின் மேலேயே ஏற்றி அனுப்புகிறார்கள். அந்த ஒரு ரூபாய்க்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதுதான் படம். படிக்கிற பிள்ளையை லீவு நாளில் சுமக்க அனுப்பும் அந்தத் தாயைக் கொடியவள் என்று பேசியவர்களைக் கேட்டேன். வாங்கிய முன்பணம் கழுத்தை நெரிக்கும்போது அவள் வேறென்ன செய்வாள்? வாழைக்குப் பேர்போன ஊர்ப்பக்கம் எங்களுடையது. கல்யாண வீட்டுக்குத் தார் விலை பேசும்போது, அதைச் சுமந்து வந்த கழுத்தை யாரும் நினைப்பதில்லை. இந்தப் படம் நினைக்க வைத்தது.

நான் வேண்டுவது

படம் எடுக்கிறவர்களைப் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அழுகிற பெண்ணைக் காட்டுங்கள், ஆனால் அடுத்த வாரமாவது அவள் எழுந்து நிற்கட்டும். வியாதியைக் காட்டினால் டாக்டரிடம் கேட்டுக் காட்டுங்கள்.

நமக்கும் ஒரு வார்த்தை. ராத்திரி ஒன்பதரைக்கு மேல் சோற்றுத் தட்டோடு உட்காராமல், முன்னதாகவே சாப்பிட்டுவிடலாம். விளம்பர இடைவேளையில் எழுந்து நாலு நடை நடக்கலாம். பிள்ளைகளோடு பார்த்தால், "அவன் பேசினது சரியா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். சும்மா பார்த்துவிட்டுப் போவதைவிட, சண்டை போட்டுப் பார்ப்பது நல்லது.

என்ன சகோதரிகளே, நான் சொல்வது சரிதானே?